ஆடு தட்டிவிட்ட ஓரம்

மண்ணிடம் கேள்வி கேட்பதுதான் தன் வேலை என்று ஜாஸ்பின் அப்பாவிடம் போனில் சொன்னாள். ஆவூருக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் கடலை போடுகிற அடைக்கலத்துக்கு அது சிரிப்பாக இருந்தது.

"நானும் முப்பது வருசமாக் கேக்குறேன். எனக்கு ஒரு பதிலும் வந்ததில்ல. ஒனக்கு மட்டும் சொல்லுதாக்கும்?"

"எனக்கு மிசின் இருக்குப்பா."

"அப்ப சரி" என்றார் அடைக்கலம். "நம்ம கொல்லை மண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

விளையாட்டுக்குச் சொன்னார். அவள் நிஜமாகவே கேட்டாள். மாதாகோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவள் கொல்லையிலிருந்து ஒரு கட்டி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து புதுக்கோட்டைக்கு எடுத்து வந்து, யாரும் இல்லாத மத்தியான வேளையில் கருவிக்கு முன்னால் வைத்தாள். இரும்பு ஏழு சதவீதம் என்று வந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "அதான் மம்பட்டி இப்படித் தேயுது" என்றார்.

ராஜ வீதிகளுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் நடு அறையில் அந்தக் கருவி இருந்தது. பார்ப்பதற்குத் தலைமுடி உலர்த்துகிற சாமானைப் போலிருக்கும். ஈயத் தகடு பதித்த பெட்டிக்குள் ஒரு பானை ஓட்டுத் துண்டை வைத்து, கருவியின் வாயை அதில் பொருத்தி, மூடியைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். இரண்டு நிமிடம் எக்ஸ்ரே போய் ஓட்டைத் தொடும். மண்ணுக்குள் இருக்கிற இரும்பு, கால்சியம், நிக்கல் எல்லாம் ஒவ்வொன்றும் தன் தன் ஒளியில் பதில் சொல்லும். அந்தப் பதில்கள் கணினித் திரையில் மலைகளாக எழும்பும். இரும்பு மலைதான் எப்போதும் பெரிது. மற்றவை அதன் அடிவாரத்தில் சின்னச் சின்னக் குன்றுகள். விளக்கு அணைந்ததும் ஓட்டை எடுத்துப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். சூடுகூட ஏறியிருக்காது.

அதுதான் ஜாஸ்பினுக்குப் பிடித்தது. கல்லூரியில் இதைக் கரும்பலகையில் மட்டும் படித்திருந்தாள். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். எம்.எஸ்சி. இயற்பியல் என்றால் டீச்சர் வேலை என்றுதான் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவளோ ஒரு வருடத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஓடுகளோடு உட்கார்ந்திருந்தாள். இது யாருக்கு உதவும் என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு அடுத்த ஓட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைப்பாள். மலைகள் எழும்பத் தொடங்கியதும் கேள்வி மறந்துபோகும்.

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் சோலையப்பன். கடலோரக் கிராமங்களில் கிடைக்கிற பழைய ஓடுகளை உடைக்காமல் அளந்து, எந்த மண் எந்த நாட்டுடையது என்று அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வேலை. அட்டவணையில் இத்தாலி உண்டு, எகிப்து உண்டு, நம்மூர்க் களிமண்கள் உண்டு. மேலே முதல் வரியில் கிரேக்கம். கால்சியம் அதிகம், குரோமியமும் நிக்கலும் அதிகம் என்று அதன் அடையாளம் எழுதியிருந்தது. இந்தக் கரையில் ஒரே ஒரு கிரேக்கக் கிண்ணம் கிடைத்தால் போதும் என்று சோலையப்பன் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அந்த மாசியில் ஜாஸ்பின் அறந்தாங்கியில் பஸ் மாறி கட்டுமாவடிக்குப் போனாள். படகுகள் வந்து ஏலம் முடிந்து, வெயில் மணலில் படுத்திருந்த நேரம். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய முனியாயி வாசலில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். ஜாஸ்பின் போனில் ஓடுகளின் படத்தைக் காட்டினாள்.

"இந்த மாதிரி கருப்பா, வழவழப்பா? எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. இரு தங்கச்சி, வாரேன்" என்று உள்ளே போனாள். கொல்லைப் பக்கம் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு கிண்ணத்தின் அடிப்பாகம் ஈரத்தோடு பளபளத்தது. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்த வாசனை. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும் முன் டம்ளரை இன்னொரு தரம் விளக்குகிற பழக்கம் ஜாஸ்பின் வீட்டிலும் உண்டு. அதனால் அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"எங்க கெடைச்சுச்சுக்கா?"

உள்ளே வலை முடிந்துகொண்டிருந்த முனியாயியின் புருஷன் ராக்கன் பதில் சொன்னார். "நாலு பாகத் தண்ணியில, நாலு ஆள் ஆழம். நண்டு வலையில ஏறுச்சு. எனக்குக் கல்யாணமாகி நாலாம் நாளு."

"நண்டு ரெண்டு, இது ஒண்ணு. அன்னைக்கு அவ்வளவுதான் பாடு" என்றாள் முனியாயி. "கொண்டாந்து எம் மடியில போட்டு, 'இந்தா, ஒனக்கு நகை'ன்னாரு. இருவத்திரெண்டு வருசமாச்சு. இன்னும் அந்த ஒரே நகைதான்."

"கருப்பா மின்னுதுல்ல? அப்பறம் என்ன?" என்றார் ராக்கன்.

ஜாஸ்பின் அதை வாங்கிப் பார்த்தாள். விரலளவு உயரமான வளையக் கால், அதன்மேல் ஆழமில்லாத குழி. உடைந்த விளிம்பு முழுக்கக் காலத்தில் மழுங்கியிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்குப் புதிதாகத் தெறித்து, உள்ளே செம்மண் நிறம் தெரிந்தது.

"முந்தா நாளு ஆடு தட்டிவிட்டுருச்சு. இல்லாட்டி இன்னும் அழகா இருக்கும்" என்று முனியாயி அந்த இடத்தைத் தடவினாள். பிறகு குரல் மாறியது. "கொண்டு போயி அறுப்பீங்களா?"

"இல்லக்கா. வெளிச்சம் மாதிரி ஒண்ணு அடிச்சுப் பார்ப்போம், அவ்வளவுதான். ஒரு பொடி மண்ணுகூடக் குறையாது."

"இப்படித்தான் போன வருசம் எம் மக ரிப்போர்ட்ட குடுங்கன்னு ஆஸ்பத்திரியில வாங்குனாங்க. திரும்பி வரல. நீ எழுதிக் குடு."

ஜாஸ்பின் திட்டத்தின் சீட்டில் எழுதி, 'முழுதாகத் திருப்பித் தரப்படும்' என்பதன் கீழே கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். முனியாயி அதை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள். படிவத்தில் பதினேழு கேள்விகள் இருந்தன. பதினாறை நிரப்பியாயிற்று. 'பயன்பாடு' என்ற ஒன்றில் மட்டும் ஜாஸ்பினின் பேனா நின்றது. இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வீட்டுக்குள் நின்று கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வந்தவர்கள் அம்மாவிடம் அடுப்பு எத்தனை, சட்டி எத்தனை என்று கேட்டபோது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டாள்.

மறுநாள் அளந்தாள். குழியின் உட்பக்கம் மட்டமாக இருந்ததால் கருவியின் வாய் அங்கேதான் சரியாக உட்கார்ந்தது. வெளியே வளையக் கால் இடித்தது. உட்பக்கத்திலேயே மூன்று இடம். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் இரும்பு எழும்பியது. அதற்கு இடப்புறம் இன்னொரு மலை மெல்ல மெல்ல வளர்ந்து, நிற்காமல் வளர்ந்து, இரும்பின் தோளைத் தொட்டது. கால்சியம். பதினொரு சதவீதம். மூன்று இடத்திலும் அதேதான்.

குரோமியமும் நிக்கலும் சரியாகத் தெரியவில்லை. இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். "மேல அந்தக் கருப்புப் பூச்சு இருக்குல்ல, அது மறைக்கும்" என்றார் சோலையப்பன். திரையை விட்டு அவர் கண் நகரவில்லை. "இந்தக் கால்சியம் நம்ம ஊர் மண்ணுல ஏதும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று அவர் மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் ஜாஸ்பினுக்குத் தண்ணீருக்குள் நடப்பது போலிருந்தது. ஓடுகளைப் படம் வரைகிற செம்மல், அந்த அடிப்பாகத்தை அளவெடுத்து வரைந்தான். இருப்பதை முழுக்கோட்டில் வரைய வேண்டும், இல்லாததைப் புள்ளிக்கோட்டில் வரைய வேண்டும் என்பது அவர்கள் முறை. விரலளவு முழுக்கோட்டிலிருந்து செம்மலின் புள்ளிகள் புறப்பட்டு, விரிந்து, உயர்ந்து, அகன்ற வாய் ஆகி, இரண்டு பக்கமும் காது வைத்துத் திரும்பி வந்து சேர்ந்தன.

"காது வேணுமாடா?" என்றாள் ஜாஸ்பின்.

"கிரேக்கம்னா காது உண்டு. பேராசிரியர் ஆர்டர்" என்றான் செம்மல். "நீ அளந்தது, நான் வரைஞ்சது. தப்புன்னா பாதிப் பாதி."

பஸ்ஸில், சாப்பாட்டில், தலை வாரும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கிண்ணம் தெரிந்தது. எங்கோ வெள்ளை வெயில் அடிக்கிற ஒரு மலையடிவாரம். அவளுக்குப் பெயர் தெரியாத மரங்கள். சக்கரத்தின்மேல் ஒருவருடைய கட்டைவிரல் ஈர மண்ணை அழுத்தி இந்தக் குழியைச் செய்கிறது. அந்த ஆளுக்கு முகம் வரவில்லை, விரல் மட்டும் வந்தது. அந்தக் குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அந்த ஆளும் தன் வீட்டில் முதல் ஆளோ என்னவோ என்று தோன்றியது. இப்படியெல்லாம் நினைப்பது படித்த பிள்ளை செய்கிற காரியமா என்றும் தோன்றியது. சென்னையில் நடக்கிற கருத்தரங்குக்குச் சோலையப்பன் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டார். இரண்டாவது பெயராக அவள் பெயர் இருந்தது.

செய்தியைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஜாஸ்பின் ஒரு சனிக்கிழமை கட்டுமாவடிக்குப் போனாள். ஓடு பெட்டியில் பத்திரமாக இருந்தது. அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாகத் திட்டம்.

"அக்கா, அது கிரேக்க நாட்டுதா இருக்கும்னு சார் சொல்றாரு. கடல் தாண்டி, ரொம்பத் தூரம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி."

"பார்த்தியா" என்று முனியாயி உள்ளே பார்த்துக் கத்தினாள். "நீ போட்ட நகை வெளிநாட்டு நகையாம்!"

"நான் எடுத்தது இங்கிட்டுக் கட்டுமாவடிக்கு நேர் கெழக்கே" என்றார் ராக்கன். "அங்கிட்டுப் போக எனக்கு டீசல் யாரு குடுத்தா?"

முனியாயி சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடியில் துடைத்தாள். தேங்காயெண்ணெய் பாட்டிலின் மூடி ஒன்றை எடுத்து, அதிலிருந்ததை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. எச்சில் தொட்டுச் சுரண்டினாள்.

"சீக்கிரம் கொண்டாந்துரு தங்கச்சி. இந்த மூடியில சுண்ணாம்பு ஒரே நாள்ல காஞ்சு கல்லாப் போவுது. அதுல வச்சா மூணு நாளைக்கு ஈரம் காக்கும்."

"அதுலயா சுண்ணாம்பு வைப்பீங்க?"

"பின்ன? வேற எதுக்கு ஆகும் அது? இருவத்திரெண்டு வருசமா அதுல தானே. அன்னைக்கு ஒனக்குக் குடுக்கணுமேன்னு தேச்சேன் பாரு, கை எரிஞ்சு போச்சு."

சுண்ணாம்பு என்றால் கால்சியம். எட்டாம் வகுப்புப் பாடம். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழி குடித்த சுண்ணாம்பைத்தான் கருவி பார்த்திருக்கிறது. அது மேல்தோலை மட்டும்தான் பார்க்கும் என்பதும் அவளுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறாள். தெரிந்தும் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி, வெற்றுக் கட்டமாக அவள் கண்முன் நின்றது.

"மொகம் ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் முனியாயி. "ஒடைஞ்சுருச்சா? உண்மையச் சொல்லு."

"இல்லக்கா. முழுசா இருக்கு."

"அப்ப எதுக்குப் பயப்படுற? சாப்பிட்டியா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கருவேல மரங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாயை மூடிக்கொண்டால் எல்லாம் நல்லபடி நடக்கும். சோலையப்பனுக்கு அவர் கிண்ணம், முனியாயிக்கு அவள் ஓடு, தனக்கு ஒரு பெயர். அந்தப் பதினொன்று மட்டும் பொய்யாக இருக்கும். சொல்லிவிட்டாலோ, சுண்ணாம்பு படாத மண் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு ஓரத்தை வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் உண்மை தெரியும், சுருக்குப் பையில் இருக்கிற சீட்டு பொய்யாகும். இரண்டில் எதைப் பொய்யாக்குவது என்று அறந்தாங்கி வரை யோசித்தாள். படித்தவள் என்று நம்பித்தானே ஒருத்தி சீட்டை மடித்து வைத்தாள்? படித்தவள் என்று நம்பித்தானே இன்னொருவர் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார்? அறந்தாங்கியில் இறங்கி டீ குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை காலை சொல்லிவிட்டாள். சோலையப்பன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சுண்ணாம்பா?"

"ஆமா சார். நான்தான் கேக்கல. படிவத்துல அந்தக் கட்டத்த வெறுமையா விட்டேன்."

"நானும்தான் படிவத்தப் பார்த்தேன்" என்றார் அவர். "பரவாயில்லம்மா. உள்மண்ணு கிரேக்கமா இருக்கலாம்ல? ஒரு ஓரம் மெலிசா வெட்டிப் பார்த்துருவோம். கடுகளவு. அந்த அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. குரலில் கெஞ்சல் இருந்தது. அதுதான் ஜாஸ்பினுக்குக் கஷ்டமாக இருந்தது. கடுகளவு. ஆனால் முனியாயியின் விரல் அந்த விளிம்பை இருபத்திரண்டு வருடமாகச் சுற்றி வந்திருக்கிறது. கடுகளவு குறைந்தால் அந்த விரலுக்குத் தெரியும். ஒரே இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு முனியாயி நின்றது நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பில் ஜாஸ்பின் நிமிர்ந்தாள்.

"சார், ஏற்கெனவே ஒரு ஓரம் தெறிச்சுருக்கு. ஆடு தட்டிவிட்டது. நான் வாங்குறதுக்கு ரெண்டு நாள் முந்தி."

"அதனால?"

"அந்த இடத்துல உள்மண்ணு வெளிய தெரியுது. குழியிலேருந்து தள்ளி, விளிம்போட வெளிப்பக்கம். அங்க சுண்ணாம்பு பட்டிருக்காது சார்."

புளியங்கொட்டை அளவு இடம். கருவிக்கு மிகச் சின்ன வாய் ஒன்று உண்டு. இதுவரை உபயோகிக்காதது. ஓடு சரிந்து சரிந்து விழுந்தது. செம்மல் தெர்மாகோலில் அதன் முதுகுக்கு ஏற்ற மாதிரி ஒரு குழி வெட்டிக் கொடுத்தான். "காதுக்காக ஒரு பிரார்த்தனை பண்ணிக்க" என்றான். மாதாகோயில் பார்த்து வளர்ந்த அவள் நிஜமாகவே பண்ணிக்கொண்டாள். எதற்காக என்று அவளுக்கே தெளிவில்லை.

சின்ன வாய் என்பதால் ஐந்து நிமிடம் வைத்தாள். வீட்டுக்குள் மத்தியான அமைதி. தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துப் போனது. சிவப்பு விளக்கின் முன்னால் அவளுக்கு மறுபடி அந்த மலையடிவாரம் தெரிந்தது. வெள்ளை வெயில், ஈர விரல். திரையில் இரும்பு எழும்பியது. கால்சியம் இருந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு மேடு. ஒன்றரை சதவீதம். குரோமியமும் நிக்கலும் தலை தூக்கவே இல்லை. வெயில் மங்கி, மலையடிவாரம் தண்ணீரில் கரைகிற கோலம் மாதிரி கலைந்தது. விரல் மட்டும் போகவில்லை. மண்ணை அழுத்தியபடி அப்படியே இருந்தது, எந்த ஊர் என்று சொல்லாமல்.

மூன்று தரம் அளந்தாள். மூன்றும் ஒன்றுபோல வந்தன. அட்டவணையில் எந்த வரியோடும் சேரவில்லை. கிரேக்கம் இல்லை. அவர்கள் இதுவரை அளந்த நம்மூர்க் களிமண்களும் இல்லை.

சோலையப்பன் மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாகக் கருத்தரங்குக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, "நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

"ஆமா சார்."

"சொல்லாம இருந்திருந்தா அங்க போயி யாராவது கேட்டிருப்பான், ஏன்யா நிக்கல் வரலன்னு. அப்ப என் மூஞ்சி என்ன ஆகும்?" என்று சிரிக்கப் பார்த்தார். முழுதாக வரவில்லை. "பிறப்பிடம்ங்கிற எடத்துல என்ன எழுதுவ?"

"தெரியவில்லைன்னு."

"எழுது."

செம்மல் புள்ளிக்கோட்டுக் காதுகள் இரண்டையும் ரப்பரால் அழித்தான். கிண்ணத்தின் வாயை விட்டுவைத்தான். எல்லாக் கிண்ணத்துக்கும் வாய் உண்டு என்றான்.

அந்த வாரமே ஜாஸ்பின் ஓட்டைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு கட்டுமாவடிக்குப் போனாள். முனியாயி அதை வாங்கியதும் முதலில் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலை விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். தெறித்த ஓரத்தில் நின்று, அதைத் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கு வந்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்று சுருக்குப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். வெற்றிலைச் சாறு பட்டு ஒரு மூலை சிவந்திருந்தது. "எந்த ஊருன்னு முடிவாச் சொன்னாங்களா?"

"கிரேக்கம் இல்லக்கா. எந்த ஊருன்னு தெரியல."

"அவ்வளவு பெரிய மிசின வச்சுக்கிட்டா?"

"அவ்வளவு பெரிய மிசின வச்சுக்கிட்டுத்தான்."

உள்ளேயிருந்து ராக்கன், "நான் அப்பவே சொன்னேன், நாலு பாகத் தண்ணின்னு. யாரு கேட்டா?" என்றார்.

"ஒன் நகைக்கு ஊரு பேரு கெடையாதாம். ஒன்ன மாதிரியே" என்றாள் முனியாயி. சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் மூடியிலிருந்த சுண்ணாம்பில் சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் வழித்து ஓட்டின் குழியில் வைத்தாள். கருப்பின் நடுவில் வெள்ளை உட்கார்ந்தது. முன்பு இருந்த இடம்தான், அதற்குத் தெரியும் போலிருந்தது. ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி ஜாஸ்பினிடம் கொடுத்தாள். "தடவிக்க. கொஞ்சமா. வாய் வெந்துரும்."

ஜாஸ்பின் இதற்கு முன் வெற்றிலை போட்டதில்லை. ஓட்டுக்குள் விரலை விட்டு ஒரு பொட்டுச் சுண்ணாம்பு எடுத்தாள். குழி இப்போதும் அவள் விரலுக்குப் பொருந்தியது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கே கேட்டிருக்கணும்."

"கேளேன்."

பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்தாள். பதினாறு நிரம்பியிருந்தன. "இத எதுக்கு வச்சிருக்கீங்க?"

முனியாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"தெரியுது. நீங்க சொல்லணும்."

அவள் சொன்னாள். ஜாஸ்பின் பதினேழாவது கட்டத்தில் எழுதினாள்: 'சுண்ணாம்பு வைக்க. இருபத்திரண்டு ஆண்டுகளாக. இப்போதும்.' தாளின் ஓரத்தில் அவள் விரல் வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. அதைத் துடைக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.